தொட்டியா, ஈரத்துண்டா? பெடிக்யூர் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துப் பார்லர்களில் கல்யாணப் பெண்ணோடு சித்தியும் அத்தையும் சேர்ந்தே கால்களைக் காட்டி உட்காருகிறார்கள். "தண்ணியில ஊற வைக்கவாக்கா, வாட்டர்லெஸ் பண்ணவா?" என்று அங்கே கேட்பார்கள். முதல் முறையில் ஷாம்பூவும் உப்பும் கலந்த வெந்நீர்த் தொட்டியில் கால் ஊறும். இரண்டாவதில் சூடான ஈரத்துண்டைச் சுற்றி, தோலை இளக்கும் கிரீமையோ ஜெல்லையோ தடவுவார்கள். அதன்பின் நகம் வெட்டுவது, குதிகால் தேய்ப்பது, பாலிஷ் போடுவது எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் உலவும் சில நம்பிக்கைகளைச் சரிபார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: ஊறவைத்தால் உடம்பிலுள்ள நச்சு பாதம் வழியாக இறங்கிவிடும்.

இறங்காது. உடம்பின் கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். மின்சாரத் தகடு பொருத்திய தொட்டியில் தண்ணீர் பழுப்பாக மாறுவதைக் காட்டி "பாருங்கள், அழுக்கு" என்பார்கள். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும்போது அந்த இரும்புத் தகடு அரிப்பதால் வரும் நிறம் அது. காலே வைக்காமல் இயக்கினாலும் தண்ணீர் நிறம் மாறும். ஊறவைப்பதன் பயன் தடித்த தோலும் நகமும் இளகுவது மட்டும்தான்.

நம்பிக்கை: தொற்று தண்ணீரால் வருகிறது, வாட்டர்லெஸ் என்றால் பயமே இல்லை.

இதில் பாதி உண்மை. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வாட்சன்வில் என்ற ஊரில், ஒரே நக அலங்கார நிலையத்துக்குச் சென்ற 100-க்கும் மேற்பட்டோருக்கு முழங்காலுக்குக் கீழே ஆறாத கட்டிகள் கிளம்பின. காரணம் மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூட்டம் என்ற கிருமி. காசநோய்க் கிருமியின் தூரத்து உறவான இது, குழாய்த் தண்ணீரிலேயே சாதாரணமாக வாழக்கூடியது. அது பெருகிய இடம் எது என்பதுதான் நாம் கவனிக்கவேண்டியது. தண்ணீரைச் சுழற்றும் தொட்டிகளில், உறிஞ்சும் துளையை மூடியிருந்த வலைக்குப் பின்னால், பலருடைய முடியும் தோல் துணுக்கும் சேர்ந்து கிடந்தன. தொட்டியின் வெளிப்பக்கம் பளபளவென்று இருந்தாலும் வலையைக் கழற்றிக் கழுவாததுதான் வினை. இன்னொன்றும் தெரியவந்தது. அங்கே போகுமுன் காலை ஷேவ் செய்துகொண்டவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களே கிருமிக்கு வாசல். சிலர் மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருந்தது. பின்னர் அதே மாநிலத்தில் 18 நிலையங்களின் 30 தொட்டிகளைச் சோதித்தபோது 29-இல் இந்தக் குடும்பத்துக் கிருமிகள் கிடைத்தன.

ஆகவே பம்ப் வைத்த தொட்டியைவிடச் சாதாரண பிளாஸ்டிக் தொட்டியே மேல். அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினி ஊற்றி, பத்து நிமிடம் விட்டால் போதும். ஒவ்வொருவருக்கும் புது பிளாஸ்டிக் உறை விரித்தால் இன்னும் நல்லது. பெடிக்யூருக்கு முதல் நாளோ அன்றைக்கோ காலில் ஷேவிங், வேக்சிங் வேண்டாம்.

தண்ணீரை எடுத்துவிட்டால் இந்த ஓர் ஆபத்து குறைகிறது, உண்மை. ஆனால் நகவெட்டியும், நகத்தோரச் சதையை நறுக்கும் கத்தரியும், குதிகால் உரசும் தகடும் அப்படியே இருக்கின்றன. நகப்பூஞ்சையும் நகச்சுத்தியும் அவற்றின் வழியாகத்தான் காலுக்குக் கால் தாவும். ரத்தம் பட்ட பிளேடு என்றால் ஹெபடைடிஸ் பி, சி வரைக்கும் கவலைப்பட வேண்டும். தோலை இளக்கும் சில ஜெல்களில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் இருக்கிறது. நேரம் கடந்தால் தோலைப் புண்ணாக்கிவிடும்.

நம்பிக்கை: டெட்டாலில் முக்கி, நீல விளக்குப் பெட்டியில் வைத்தால் கருவி சுத்தம்.

நீல ஒளி தான் படும் பக்கத்தை மட்டுமே தொடும். மடிப்புக்குள், அழுக்குக்கு அடியில் போகாது. சுத்தம் செய்த கருவியை எடுத்துவைக்க அந்தப் பெட்டி உதவலாம், அவ்வளவுதான். டெட்டாலில் ஒரு நொடி முக்கி எடுப்பதும் கிருமி நீக்கம் ஆகாது. உலோகக் கருவியைச் சோப்பும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, ஆட்டோகிளேவில் 121 டிகிரி நீராவியில் 15 நிமிடமாவது வைக்க வேண்டும். அட்டை அரத்தையும் நுரைக்கல்லையும் அப்படிச் சுத்தப்படுத்த வழியில்லை. அவை ஆளுக்கொன்றாகத்தான் இருக்க வேண்டும். சொந்தமாக ஒரு செட் வாங்கி வைத்துக்கொண்டு பார்லருக்கு எடுத்துப்போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம்பிக்கை: சர்க்கரை உள்ளவர்களுக்கு வெந்நீர் ஊறல் இதமானது, ரத்த ஓட்டத்தைக் கூட்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது இந்த நம்பிக்கைதான். 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். கல்யாணத்துக்குக் கால் அலங்கரிக்க வரும் அத்தைமார்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். நரம்பு மரத்த காலுக்கு வெந்நீர் சுடுவது தெரியாது. கொப்புளம் எழுந்த பிறகுதான் தெரியும். நெடுநேரம் ஊறினால் தோலின் எண்ணெய்ப் பசை போய், வறண்டு வெடிக்கும். விரலிடுக்கு ஈரமாகவே இருந்தால் சேற்றுப்புண் வரும். இவர்களை ஊறவைக்க வேண்டாம் என்பதே மருத்துவர்களின் பொது அறிவுரை.

அப்படியானால் மரத்த காலுக்குத் தண்ணீரே ஆகாதா? பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. திருப்பத்தூர் வேலூரோடு சேர்ந்திருந்த காலத்தில், 1955-இல், காட்பாடியை அடுத்த கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. வேலூர் சிஎம்சியில் டாக்டர் பால் பிராண்ட் செய்த பணியின் தொடர்ச்சி அது. உணர்ச்சி இழந்த, வியர்க்காமல் வறண்டுபோன பாதங்களுக்குத் தொழுநோய் மருத்துவம் சொல்லித்தரும் தினசரிப் பழக்கம் எளியது: சாதாரணத் தண்ணீரில் ஊறவை, சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய், ஈரம் காயுமுன் எண்ணெய் தடவு. இதில் வெந்நீர் இல்லை, ஷாம்பூ இல்லை, பிளேடு இல்லை. தொட்டியும் கல்லும் அவரவருடையவை. தினமும் பாதத்தைப் புரட்டிப் பார்த்துப் புண் இருக்கிறதா என்று தேடுவதும் அதோடு சேர்ந்தது. பார்லரில் நடப்பது இதற்கு நேர்மாறு. மேலும், இந்தத் தினசரிப் பழக்கம் பயிற்சி தந்து, கண்காணித்துச் செய்யவைப்பது. சர்க்கரை உள்ளவர்கள் தம் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது.

நம்பிக்கை: பித்தம் ஏறினால் குதிகால் வெடிக்கும்.

வறட்சி, வெறுங்கால் நடை, பின்பக்கம் திறந்த செருப்பு, உடல் எடை, நாள் முழுக்க நின்று செய்யும் வேலை ஆகியவையே பெரும்பாலும் காரணம். ஜவ்வாது மலைப் பாதையில் நடக்கிற காலுக்கும் ஷூ கம்பெனியில் நிற்கிற காலுக்கும் வேண்டியது தினமும் இரவில் தடவும் வாசலின் அல்லது யூரியா கலந்த களிம்பு.

வாட்டர்லெஸ்ஸுக்கு இரண்டு நியாயங்கள் உண்டு. ஊறிய நகம் தண்ணீரை உறிஞ்சி விரிகிறது, காய்ந்ததும் சுருங்குகிறது. மேலே போட்ட பாலிஷ் சீக்கிரம் பெயர்கிறது. ஊறாத நகத்தில் அது கூடுதல் நாள் நிற்கும். இன்னொன்று, தண்ணீர் மிச்சம். தோல் ஆலைக் கழிவால் பாலாற்றங்கரை நிலத்தடி நீர் கெட்டு, 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்த பகுதி இது. இங்கே அதுவும் பெரிய விஷயம்தான். ஆனால் கையையும் கருவியையும் துண்டையும் கழுவும் தண்ணீரில் மட்டும் சிக்கனம் கூடாது.

புண்ணோ சர்க்கரையோ இல்லாதவர் எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். தொட்டியைக் கழுவுவதையும் கருவியை ஆட்டோகிளேவிலிருந்து எடுப்பதையும் கண்ணால் பார்த்த பிறகு. சர்க்கரை உள்ளவர்கள் தொட்டியையும் பிளேடையும் ஜெல்லையும் மறுத்துவிடுங்கள். கால் மரத்திருந்தால் பார்லருக்குப் போகும் முன் அரசு மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவில் பாதத்தைக் காட்டுங்கள். பார்லர் நடத்தும் சகோதரிகளே, காலைத் தொடுமுன் "சர்க்கரை இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.