போக்கர் டிராக்கர்: எண்களோடு பழகச் சில குறிப்புகள்

இணையத்தில் போக்கர் ஆடும்போது ஒவ்வொரு கை முடிந்ததும், யார் எங்கே உட்கார்ந்திருந்தார், எவ்வளவு கட்டினார், என்ன சீட்டு விழுந்தது என்பதையெல்லாம் தளம் ஓர் எழுத்துக் கோப்பாக உங்கள் கணினியில் எழுதிவைக்கும். அந்தக் கோப்புகளைப் படித்துக் கூட்டிக் கழித்துத் தருவதுதான் டிராக்கர். போக்கர்டிராக்கர் 4, ஹோல்டம் மேனேஜர் 3, ஹேண்ட்2நோட் ஆகியவை பலரும் வைத்திருப்பவை. ஆடிக்கொண்டிருக்கும்போதே மேசையில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் எண்களைக் காட்டும் பகுதியை ‘ஹட்’ என்பார்கள். அடுத்தவரைப் படிப்பதற்கென்றே பலர் இதை வாங்குகிறார்கள். கொடுத்த காசுக்கு வேலை நடப்பது தன் ஆட்டத்தைத் தானே படிக்கும்போதுதான் என்பது என் கட்சி. கீழே உள்ள குறிப்புகளில் அந்தச் சாய்வு தெரியும்.

1. முதலில் நீங்கள் இருக்கும் ஊரின் சட்டம். காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் இந்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். ஆகவே சென்னையிலோ மதுரையிலோ இருப்பவருக்கு இது தெரிந்துகொள்ளும் விஷயம், அவ்வளவுதான். கனடாவின் ஒன்டாரியோவில் 2022 ஏப்ரலிலிருந்து உரிமம் பெற்ற தனியார் தளங்களில் 19 வயது நிரம்பியவர்கள் ஆடலாம். டொராண்டோவில் இருக்கும் வாசகர்கள் மேலே படிக்கலாம்.

2. அடுத்தது தளத்தின் விதி. போக்கர்ஸ்டார்ஸ் சில கட்டுப்பாடுகளோடு டிராக்கரை விடுகிறது. பார்ட்டிபோக்கர் 2019இல் ஹட்டுக்குத் தடை போட்டது. ஜிஜிபோக்கர் வெளி ஹட்டை ஏற்பதில்லை, தானே ஒன்றைத் தருகிறது. பொவாடாவின் மேசையில் யாருக்கும் பெயரே இல்லை என்பதால் எதிராளியைப் பற்றி எண் சேர்க்கவும் வழியில்லை. இந்த விதிகள் அடிக்கடி மாறும். ஆட உட்காருமுன் தளத்தின் விதிப் பக்கத்தைப் படித்துவிடுங்கள், மீறினால் கணக்கையே முடக்குவார்கள். நீங்கள் உட்காராத மேசைகளின் கைகளை மொத்தமாக விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

3. தளத்தின் அமைப்புகளில் கை வரலாற்றைச் சேமிக்கும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். அந்தக் கோப்பின் மொழி ஆங்கிலமாக இருக்கட்டும். கோப்பு விழும் கோப்புறையும் டிராக்கர் தேடும் கோப்புறையும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘ஹட் வரவில்லை’ என்ற புலம்பலில் பாதி இந்த மூன்றில் ஒன்றால் வருவது.

4. போக்கர்டிராக்கர் தன் தரவை போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் வைக்கிறது. கணினியைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பி, ‘இது என்ன, நாம் போட்டதாக நினைவில்லையே’ என்று அதை அழித்துவிடாதீர்கள். மூல எழுத்துக் கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். அவை இருந்தால் தரவுத்தளம் கெட்டாலும் திரும்பக் கட்டிவிடலாம்.

அந்தக் கோப்புகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. 2007இல் அப்சொல்யூட் போக்கர் தளத்தில் ‘பாட்ரிப்பர்’ என்ற பெயரில் ஆடியவர் எதிராளிகளின் மறைந்த சீட்டுகளைப் பார்த்தபடி ஆடியதை ஆட்டக்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள். போட்டியில் தோற்ற ஒருவர் கை வரலாறு கேட்க, தளம் எல்லோருடைய சீட்டுகளும் அடங்கிய கோப்பை அனுப்பித் தொலைத்தது. கை கையாகப் பார்த்தபோது, அந்த ஆள் விட வேண்டிய இடத்தில் மட்டும் விட்டிருந்தார். அடுத்த ஆண்டு அல்டிமேட்பெட் தளத்தில் ‘நியோநியோ’ என்ற கணக்கும் இப்படித்தான் சிக்கியது. அதன் வெற்றி விகிதம் எந்த மனிதருக்கும் வராத உயரத்தில் நின்றது.

5. ஹட்டில் நான்கு எண் போதும். முப்பது எண்ணைக் கொட்டிவைத்தால் கண் எண்ணில் இருக்கும், ஆட்டம் கைவிட்டுப் போகும். முதலாவது விபிஐபி: ஃப்ளாப் வருமுன் தானாக விரும்பிக் காசு போட்ட கைகளின் விழுக்காடு. கட்டாயமாகக் கட்டும் பிளைண்ட் இதில் சேராது. இரண்டாவது பிஎஃப்ஆர்: ஃப்ளாப்புக்கு முன் ரைஸ் செய்த விழுக்காடு. மூன்றாவது த்ரீ-பெட், அதாவது ஒருவர் ரைஸ் செய்தபின் மறுபடி ரைஸ் செய்வது. நான்காவது, இத்தனையும் எத்தனை கைகளிலிருந்து வந்தது என்ற எண்ணிக்கை.

ஆறு பேர் மேசையில் ஒழுங்காக ஆடுகிறவர் விபிஐபி/பிஎஃப்ஆர் 24/20 என்ற சுற்றுவட்டாரத்தில் இருப்பார். முதல் இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 45/8 என்றால் எதையும் விட மனமில்லாமல் கால் செய்துகொண்டே போகிறவர். அவரிடம் பொய் ரைஸ் வேண்டாம், நல்ல சீட்டு வந்தால் தாராளமாகக் கட்டுங்கள். அப்படிப்பட்டவரே திடீரென்று ரைஸ் செய்தால் மரியாதையாக விலகிவிடுங்கள். 12/10 என்றால் காத்திருந்து அடிப்பவர், அவருடைய பிளைண்டைத் திருடுவது எளிது.

6. எத்தனை கை என்று பாராமல் விழுக்காட்டை நம்பாதீர்கள். உண்மையில் 25 விழுக்காடு ஆடுகிறவர் 30 கையில் 10ஆகவும் தெரியலாம், 40ஆகவும் தெரியலாம். 500 கை சேர்ந்தால் அது ஏறக்குறைய 21க்கும் 29க்கும் இடையில் வந்து அடங்கும். விபிஐபிக்காவது எல்லாக் கையிலும் வாய்ப்பு வருகிறது. ஃப்ளாப்பில் கட்டினால் விடுகிறாரா என்பது போன்ற எண்களுக்கு வாய்ப்பே எப்போதோ ஒருமுறைதான். ‘100’ என்று மின்னும் எண்ணின் மேல் சுட்டியை வைத்துப் பாருங்கள், உள்ளே மூன்றுக்கு மூன்று என்றிருக்கும். மூன்று முறை விட்டவர் நான்காம் முறை ஏன் விட வேண்டும்? வாய்ப்பு எண்ணிக்கையை விழுக்காட்டின் பக்கத்திலேயே காட்டும்படி ஹட்டை அமைத்துக்கொள்ளலாம். நான் முதலில் மாற்றச் சொல்வது இதைத்தான்.

7. ஒன்பது பேர் மேசையின் எண்ணையும் இருவர் மட்டும் ஆடும் மேசையின் எண்ணையும் கலக்க விடாதீர்கள். இருவர் ஆட்டத்தில் 70 விபிஐபி சாதாரணம், ஒன்பது பேரில் அது பைத்தியக்காரத்தனம்.

8. வெற்றி விகிதத்தை 100 கைக்கு எத்தனை பிக் பிளைண்ட் என்று சொல்வார்கள். ஆறு பேர் நோ-லிமிட் ஆட்டத்தில் இதன் திட்ட விலக்கம் 90ஐ ஒட்டி இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10,000 கை ஆடியபின் டிராக்கர் +5 என்று காட்டினால் உண்மை விகிதம் −13க்கும் +23க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். ஜெயிப்பவரா தோற்பவரா என்பதே அந்த எண்ணிலிருந்து தெரியாது. 1,00,000 கைக்குப் பின்னும் இரு பக்கமும் 6 அளவுக்கு ஆட்டம் இருக்கும். வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கும் தம்பிமார் இந்தக் குறிப்பை இன்னொரு முறை படிக்கவும்.

9. வரைபடத்தில் ‘ஆல்-இன் எதிர்பார்ப்பு’ என்று தனியாக ஒரு கோடு ஓடும். ஏஸ் ஜோடியோடும் கிங் ஜோடியோடும் இருவர் ஃப்ளாப்புக்கு முன்பே 100 பிளைண்ட் கட்டினால், ஏஸ் வைத்தவர் ஏறக்குறைய 82 விழுக்காடு ஜெயிக்க வேண்டியவர். தோற்றுப் போனாலும் அந்தக் கோடு அவருக்கு +64 எழுதும். எல்லாக் காசும் ரிவருக்கு முன்பே உள்ளே போன கைகளை மட்டுமே அது திருத்துகிறது. உங்கள் கிங் ஜோடி மூன்று முறை ஏஸில் போய் மோதியதும், ஃப்ளாப் ஒருநாளும் ஒட்டாமல் போனதும் அதில் ஏறாது. ‘கோட்டுக்குக் கீழே ஓடுகிறேன்’ என்று சொல்லித் திரிவது நல்ல ஆறுதல். ஆதாரமாக அது நிற்காது.

10. வாரத்துக்கு ஒருமுறை ஹட்டை மூடிவிட்டு அறிக்கைப் பகுதியைத் திறந்து உங்கள் பெயரைத் தேடுங்கள். இட வாரியாகப் பிரித்துப் பார்த்தால் பிக் பிளைண்டில் சிவப்பாக −35 என்று இருக்கும். பதற வேண்டாம். அந்த இடத்தில் எல்லாக் கையையும் விட்டாலே 100 கைக்கு 100 பிளைண்ட் போய்விடும். −35 என்றால் மீதியை மீட்டிருக்கிறீர்கள். ஸ்மால் பிளைண்டுக்கு இந்த எல்லை −50. அதற்கும் கீழே போயிருந்தால் அந்த இடத்தில் ஆடாமலே இருந்திருக்கலாம் என்று பொருள்.

அடுத்து வடிகட்டியில் ‘ஸ்மால் பிளைண்டிலிருந்து வெறும் கால் செய்த கைகள்’ என்று போட்டுப் பாருங்கள். பாதிக் காசு முன்பே போட்டாயிற்றே என்ற ஆசையில் செய்வது அது. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் மற்றவருக்கு முன்னால் பேச வேண்டிய நிலை வரும். நிறையப் பேரின் ஓட்டை அங்கேதான். இன்னொரு வடிகட்டி நேரம். முதல் ஒரு மணி நேரத்தையும் மூன்றாம் மணிக்குப் பிந்தியதையும் தனித்தனியாக எடுத்து, இரண்டிலும் விபிஐபியைப் பாருங்கள். 23இல் தொடங்கியவர் நள்ளிரவில் 31இல் நிற்பார். களைப்பு முதலில் தெரிவது இந்த எண்ணில்.

11. ஆடும்போது சந்தேகம் வந்த கைகளைக் குறியிட்டு வைத்து மறுநாள் ஓட்டிப் பாருங்கள். பெரிதாகத் தோற்ற கைகளிலிருந்து தொடங்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை யார் ஆடியிருந்தாலும் தோற்றிருக்கும் கைகள். இருபது, முப்பது பிளைண்ட் கசிந்த நடுத்தரக் கைகளில்தான் திருத்த வேண்டியது இருக்கும்.

12. தளம் எடுத்துக்கொள்ளும் ரேக்கையும் டிராக்கர் தனியாகக் காட்டும். சிறிய மேசைகளில் அதையும் லாபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முகம் மாறும். மேசையில் ஜெயித்து ரேக்கில் தோற்பவர்கள் உண்டு.

13. ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் ஆடினால் ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு தரவுத்தளம் என்று பிரித்துவிடுங்கள். ஒருவர் சேர்த்த கைகளை மற்றவர் தன் ஹட்டில் ஏற்றுவது பல தளங்களில் விதிமீறல். ஒரே மேசையில் இருவரும் உட்காரவே வேண்டாம். ஒரே இணைய முகவரியிலிருந்து இரண்டு பேர் என்றால், நீங்கள் எவ்வளவு நேர்மையாக ஆடினாலும் தளத்தின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து கேள்வி வரும்.