வாங்கியவர் பெயர், அடித்தவர் பெயர்

அன்புள்ள தம்பி,

ஜப்பானின் சக்காய் நகரத்துக் கொல்லர் ஒருவர் காலமாகிவிட்டார், அவர் அடித்த கத்தி இனிச் சந்தைக்கு வராது, விலை ஏறுவதற்குள் இன்னொன்று வாங்கி வைக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வாங்குவது உன் பணத்தைப் பொறுத்தது. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அவர் கத்தி இன்னொன்று அலமாரியில் இருந்தால் அவரை மறக்காமல் இருந்ததாகிவிடும் என்று எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கத்தி கைக்கு வந்தால் கூடவே கொல்லரின் அறிவும் வந்துவிடாது. அதைத் தனியாகக் கேட்டு எழுதி வைக்க வேண்டும், அதுவும் அவர் உலை மூட்டிக்கொண்டிருக்கும்போதே.

இதற்குச் சாட்சி தேடி ஜப்பான் போக வேண்டாம். கொடுமணலிலும் பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரிலும் உருக்கு காய்ச்சிய மண்மூசைகளின் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. தென்னாட்டு உருக்குக் கட்டி கடல் கடந்து போனது. பாரசீகத்து வாள்கள் பலவற்றில் ஓடும் நீரோட்டம் போன்ற கோலத்துக்கு மூலப்பொருள் அதுதான். 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதைச் சோதித்து லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார். அடுத்து மைக்கேல் ஃபாரடே, அவரே ஒரு கொல்லரின் மகன், கத்தி செய்து விற்ற ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து ஆராய்ந்தார். கட்டி கையில் இருந்தது, ஆய்வுக்கூடம் இருந்தது, ஃபாரடேயின் மூளையும் இருந்தது. அப்படியும் அந்த எஃகின் சிறப்புக்கு அலுமினியம் காரணம் என்று தவறாகவே முடிவு கட்டினார். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஹீத், மூசைக்குள் ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் போடுவார்கள் என்று எழுதினார். சாமான் பட்டியல் மட்டும் இருந்தால் சமையல் வந்துவிடாது. எவ்வளவு நேரம் காய்ச்சினார்கள், எந்த நிறத்தில் எடுத்தார்கள், எவ்வளவு மெதுவாக ஆறவிட்டார்கள் என்ற பக்குவத்தைச் செய்தவர் வாயால் முழுதாகச் சொல்லக் கேட்டு எழுதியவர் எனக்குத் தெரிந்து இல்லை. தொழில் அடங்கியபோது அதுவும் போயிற்று.

அதை மீட்க 20ஆம் நூற்றாண்டின் கடைசி வரை ஆயிற்று. ஃப்ளோரிடாவில் குதிரைகளுக்கு லாடம் அடித்துவந்த ஆல்ஃபிரட் பென்ட்ரே என்ற கொல்லரும், அயோவா மாநிலப் பல்கலைக்கழக உலோகவியல் பேராசிரியர் ஜான் வெர்ஹோவனும் பல ஆண்டுகள் சேர்ந்து காய்ச்சிப் பார்த்தார்கள். தாதுவில் துளியளவு கலந்திருக்கும் வனேடியம் போன்ற தனிமங்களும், திரும்பத் திரும்பச் சூடேற்றி அடிப்பதும் சேர்ந்தே அந்தக் கோலத்தை உண்டாக்குகின்றன என்று 1998இல் வெளியிட்டார்கள். பென்ட்ரே 2017இல் இறந்தார். அவருடைய வாள்களும் கத்திகளும் யார் வீட்டுப் பெட்டிக்குள் இருந்தாலும் சரி, அவர் கை கண்டுபிடித்தது அச்சில் இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் குறித்துக்கொண்டே நின்றார் என்பதைத் தவிர இதில் வேறு மாயம் எதுவும் இல்லை.

ஜப்பானியக் கத்தியில் கொல்லரின் பெயர்தான் வெட்டியிருக்கிறதே, அது போதாதா என்பாய். பெயர் பெரிய விஷயம்தான். நம்மிடம் பெரும்பாலும் அதுகூட இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்களைப் பார்த்தால் இது உறைக்கும். தஞ்சைக் கட்டாரிகள் சிலவற்றில் அலகு ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே குத்திய முத்திரையை வைத்து, அலகு எந்த ஊர்ச் சரக்கு என்று அறிஞர்கள் ஓரளவு சொல்லிவிடுகிறார்கள். அந்த அலகுக்கு இங்கே அற்புதமான கைப்பிடி செய்து பொருத்தியவர் யாரென்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் சக்காயிலும் பெயரை அப்படியே நம்பிவிடாதே. அந்த ஊரில் அடிப்பவர் ஒருவர், சாணை பிடித்துக் கூர் ஏற்றுபவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர். வெட்டியிருக்கும் பெயர் பல சமயம் மொத்த வியாபாரியுடையது. உன் கத்தியில் எத்தனை கைகள் பட்டிருக்கின்றன என்று விற்றவரிடம் கேட்டாயா?

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. கத்தி வெட்டுவதற்கு, வெங்காயம் நறுக்க வரலாறு எதற்கு? அப்படியே வைத்துக்கொள்வோம். வெட்டும் திறனை வைத்து மட்டும் பார்த்தால்கூட, கேட்காதவன் தப்பாகத்தான் எடை போடுவான். உன் ஜப்பானியக் கத்தி, யசுகி ஊரில் செய்த ‘வெள்ளைத்தாள்’ எஃகு. கரிமம் ஒரு சதவீதத்துக்கு மேல். நம்மூர் அரிவாளுக்குக் கொல்லர்கள் எடுப்பது பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை. அதில் கரிமம் அரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். சதவீதத்தை மட்டும் பார்த்தவன் அரிவாளை மட்டம் என்பான். அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தியில் ஒரு கொல்லரிடம் கேட்டால் தெரியும்: கருவேல முள்ளை ஓங்கி வெட்டும்போது அலகு பல்லுப் போகக் கூடாது, கொஞ்சம் மழுங்கினால் தீட்டிக்கொள்ளலாம். அவர் தேர்ந்தெடுத்த விட்டுக்கொடுப்பு அது. தோய்ப்பதற்கு முன்னால் இரும்பின் சிவப்பை எந்த வெளிச்சத்தில் பார்க்கிறார், வாய்ப்பக்கம் மட்டும் எவ்வளவு தோய்க்கிறார் என்பதை உன் அலமாரி சொல்லாது.

அரிவாள் என்றாலே போலீஸ் விவகாரம், நமக்கு ஏன் வம்பு என்று உன் வீட்டில் சொல்வார்கள். தவறில்லை. 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை நடத்திய ‘ஆபரேஷன் டிஸ்ஆர்ம்’ நடவடிக்கையின்போது, வாங்குபவரின் பெயர், முகவரி, என்ன தேவைக்கு என்பதையெல்லாம் பட்டறைக்காரர்கள் எழுதி வைக்க வேண்டும் என்று சொன்னார்கள். கொலைகள் நடந்த பின்னணியில் அதற்கு நியாயம் உண்டு. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் செய்த கத்திக்கு ஆயுத விதிகளில் விலக்கு இருக்கிறது. ஆனாலும் நீயாகவே பெயரைக் கொடுத்துவிடு, பட்டறையில் பேச்சு அதற்குப் பிறகுதான் இளகும். வேடிக்கை என்னவென்றால், நம்மூரில் அரிவாளைப் பற்றி யாராவது எழுதி வைக்கும் பெயர் பெரும்பாலும் வாங்கியவருடையதுதான்.

தீட்டத் தீட்டக் கத்தி தேயுமே, பத்திரமாக வைத்தால் என்ன என்பதற்குச் சுருக்கமான பதில்: உன் வீடு இருக்கும் பள்ளிக்கரணையின் ஈரக்காற்றில், கரிம எஃகைச் சும்மா வைத்தாலும் துரு தின்றுவிடும். நறுக்கு, உடனே துடை, எண்ணெய் தடவு. தேய்வதற்குள் அது எந்தக் கல்லில் எப்படிக் கூர் ஏறியது என்று நோட்டில் குறித்து வை.

அந்த நோட்டோடு ஒருமுறை திருப்பாச்சேத்திக்குப் போ. மானாமதுரைக்குப் பக்கம்தான். பெயர், ஊர், யாரிடம் தொழில் படித்தார், பட்டை எங்கே வாங்குகிறார், எதில் தோய்க்கிறார், சம்மட்டி அடிப்பவர் யார் என்று கேள். சம்மட்டிக்காரரின் பெயரை விட்டுவிடாதே. பெயரை வெளியிடலாமா என்று அவர்களையே கேட்டுக்கொள். பேசும் நேரம் அவர்களுக்கு வேலை நேரம், அதனால் ஒரு அரிவாளுக்கான கூலியைப் பேசும் முன்பே கொடுத்துவிடு. ஆயுத பூஜையன்று மட்டும் போகாதே, அன்றைக்கு உலை மூட்டமாட்டார்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்