உட்காரும் இடத்தில் பிடிக்கும் வலி

கொழுந்து எடுக்கும் அம்மாமார், அக்காமார் பலர் டிஸ்பென்சரிக்கு வந்து "இடுப்பு வலிக்குது" என்றுதான் சொல்வார்கள். எந்த இடம் என்று கேட்டால் வெட்கம். கையை நடு முதுகில் வைப்பார்கள், தைலத்தையும் அங்கேயே தேய்ப்பார்கள். நான் அறிந்த ஒரு அக்கா இப்படியே ஒரு மாதம் அரைப் பேருக்கு வேலை செய்து கஷ்டப்பட்டார். கடைசியில்தான் நர்ஸம்மாவிடம் சொன்னார்: "முதுகு இல்லீங்க, உக்கார்ற எடத்துல, உள்ளுக்கு ஆழமா."

அந்த ஆழத்தில் ஒரு சிறிய தசை இருக்கிறது. பிரிபோர்மிஸ் என்பது அதன் பெயர். பேரிக்காய் வடிவம் என்று அர்த்தம். முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பில் தொடங்கி, தொடை எலும்பின் மேல் முனையில் போய்ச் சேரும். காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு இதன் கீழாகத்தான் போகிறது. சிலருக்குத் தசையின் ஊடாகவே போகும். தசை இறுகினால் நரம்பும் நெரிபடும், தொடையின் பின்பக்கம் வரை வலி இழுக்கும். சரிவிலே ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே வைத்து நாள் முழுக்க நிற்பவர்களுக்கு இந்தத் தசைக்கு ஓய்வே இல்லை. ஆண்கள் பின் பாக்கெட்டில் தடித்த பர்ஸை வைத்து உட்காருவதும் கூடாது.

அந்த அக்கா தானாகச் செய்துபார்த்தது, குனிந்து கால்விரலைத் தொடுவது. அது தொடையின் பின் தசையைத்தான் இழுக்கும். நரம்பு நொந்திருந்தால் வலி கூடவும் செய்யும். அதை விட்டுவிடுங்கள்.

வலது பக்கம் வலி என்று வைத்துக்கொள்வோம். பாயில் மல்லாந்து படுத்து, இரண்டு முழங்காலையும் மடக்குங்கள். வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து இடது தோளை நோக்கி மெதுவாக இழுங்கள். நேராக நெஞ்சுக்கு இழுத்தால் அவ்வளவு பிடிக்காது, குறுக்கே போக வேண்டும்.

இதில் ஒன்றும் தெரியாவிட்டால் அடுத்தது. வலது கணுக்காலை இடது தொடையில், முழங்காலுக்குச் சற்று மேலே போடுங்கள். இடது தொடையின் பின்னால் கை கோத்து நெஞ்சுப் பக்கம் இழுங்கள். கை எட்டாவிட்டால் ஒரு துவாயைக் கோத்துக்கொள்ளலாம். நிற்கும்போது இந்தத் தசை தொடையை வெளிப்பக்கம் திருப்பும். தொடையை நன்றாக மடக்கினால் வேலை தலைகீழாகி உள்பக்கம் திருப்பும். அதனால்தான் மடக்கிய காலை வெளியே திருப்பினால் தசை நீளுகிறது. பாங்கில் உட்கார்ந்தும் இதைச் செய்யலாம்: கணுக்காலை மற்ற முழங்காலில் போட்டு, முதுகை வளைக்காமல் முன்னே சாயுங்கள். மாதம் ஏறிய கர்ப்பிணிகள் மல்லாந்து படுக்க வேண்டாம், நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொண்டு இப்படிச் செய்வதே நல்லது.

இழுவை பிட்டத்துக்குள் ஆழமாகத் தெரிய வேண்டும். முழங்காலில் வலித்தால் நிலை சரியில்லை, கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். முப்பது எண்ணும்வரை பிடியுங்கள், குலுக்க வேண்டாம். மூன்று தரம், காலை மாலை. விடியற்காலைக் குளிரில் எழுந்தவுடன் செய்யாமல், கொஞ்சம் நடந்த பிறகு செய்யுங்கள். அந்த அக்காவுக்குச் சரிவந்தது இரண்டாவது நிலை. உங்களுக்கு முதலாவதாக இருக்கலாம்.

இருமும்போது வலி காலுக்குப் பாய்ந்தால் அது முதுகெலும்புத் தட்டின் வலியாகவும் இருக்கலாம், டொக்டரிடம் காட்டுங்கள். கால் பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, அறியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரவென்றாலும் விடியும்வரை இருக்க வேண்டாம், தோட்டத்து லொறியைக் கேளுங்கள்.