எண்ணிப் பார்த்த பின் அழிப்போம்: கேமராவிலிருந்து கணினிக்குப் படங்கள்

விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, கல்விச் சுற்றுலா, ஆண்டு விழா என்று ஆண்டு முழுவதும் பள்ளியில் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறோம். கைப்பேசி வந்த பிறகும் பல பள்ளிகளின் பீரோவில் ஒரு டிஜிட்டல் கேமரா பத்திரமாக இருக்கிறது. மேடை நிகழ்ச்சிக்கும் குழுப்படத்துக்கும் அதைத்தான் எடுக்கிறோம். படம் எடுப்பதில் யாருக்கும் சிரமமில்லை. எடுத்த படம் எங்கே போகிறது என்பதில்தான் சிக்கல். மாதக்கணக்கில் கேமராவிலேயே கிடக்கும். அடுத்த விழாவன்று ‘அட்டை நிறைந்துவிட்டது’ என்று திரையில் எழுத்து வரும். அவசரத்தில் யாரோ ஒருவர் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்.

எனக்குத் தெரிந்த ஒரு தொடக்கப் பள்ளியில் இப்படித்தான் நடந்தது. ஆண்டு விழாப் படங்கள் கணினியில் ஏறிவிட்டன என்று நம்பி, அடுத்த நிகழ்ச்சிக்காக அட்டையைக் காலி செய்தார்கள். பிறகு கணினியைத் திறந்தால் பாதிப் படங்கள்தான் இருந்தன. நகலாகிக்கொண்டிருந்தபோதே கேமராவின் பேட்டரி தீர்ந்து வேலை நடுவில் நின்றிருக்கிறது. அந்த ஆண்டு ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளருக்கு மாணவர்கள் பொன்னாடை போர்த்திய படம் தொலைந்த பாதியில் இருந்தது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. அழிக்கும் முன் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சேர்க்கைப் பதிவேட்டை எவ்வளவு கவனமாகக் காக்கிறோம்! நம் மாணவர்களின் முகங்களைத் தாங்கிய படங்களும் ஒருவகையில் பதிவேடுகள்தாம். வீட்டில் எடுத்த படங்கள் கைப்பேசி பழுதாகும்போதே போய்விடுகின்றன. பல ஆண்டுகள் கழித்து, "ஐந்தாம் வகுப்பில் எடுத்த குழுப்படம் இருக்கிறதா டீச்சர்?" என்று ஒரு பழைய மாணவர் வந்து கேட்டால், இருக்கிறது என்று சொல்லும் நிலையில் நாம் இருக்க வேண்டும். அதற்கான எளிய முறையைப் பார்ப்போம். வீட்டுக் கணினிக்கும் பள்ளிக் கணினிக்கும் முறை ஒன்றுதான்.

அட்டைக்குள் என்ன இருக்கிறது?

கேமராவுக்குள் இருக்கும் தபால்தலை அளவு மெமரி கார்டைக் கணினியில் திறந்தால் ‘டிசிஐஎம்’ என்ற கோப்புறை தெரியும். எந்த நிறுவனத்தின் கேமராவாக இருந்தாலும் இந்தப் பெயர் மாறாது. 1998இல் ஜப்பானிய மின்னணுத் தொழில் அமைப்பு ஒன்று வகுத்த பொது விதியைக் கேமரா நிறுவனங்கள் பின்பற்றுவதே காரணம். அதனுள் 100, 101 என்று எண்ணில் தொடங்கும் கோப்புறைகள் இருக்கும். படங்கள் அவற்றுக்குள் இருக்கும்.

ஒவ்வொரு படத்தின் பெயரும் சில எழுத்துகளுடன் நான்கு இலக்க எண்ணைக் கொண்டிருக்கும். எண் 0001இல் தொடங்கி 9999 வரை போகும். அதன்பின் மீண்டும் 0001. சில கேமராக்களில் அட்டையைக் காலி செய்யும்போதெல்லாம் எண் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே போன ஆண்டின் 0001உம் இந்த ஆண்டின் 0001உம் ஒரே பெயருடைய இரு வேறு படங்களாக இருக்கலாம். இதை நினைவில் வையுங்கள். பின்னால் இது தேவைப்படும்.

இணைக்க இரண்டு வழிகள்

கேமராவுடன் வந்த யுஎஸ்பி கேபிளால் நேரடியாகக் கணினியில் இணைப்பது ஒரு வழி. கேபிளைச் செருகிக் கேமராவை இயக்கினால், கணினியில் அதன் பெயர் தோன்றும். நகலெடுத்து முடியும்வரை கேமரா இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். எனவே பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துகொள்வது நல்லது.

அட்டையை மட்டும் வெளியே எடுத்துக் கார்டு ரீடரில் செருகுவது இரண்டாவது வழி. பல மடிக்கணினிகளின் பக்கவாட்டிலேயே இதற்கான துளை இருக்கிறது. இல்லையென்றால் தனியாக ஒரு கார்டு ரீடர் வாங்கிக்கொள்ளலாம். இதில் கேமராவின் பேட்டரிக்கு வேலை இல்லை. நடுவில் நின்றுபோகும் வாய்ப்பும் குறைவு. நான் இந்த வழியையே பரிந்துரைப்பேன். கேமராவை அணைத்த பிறகே அட்டையை வெளியே எடுக்க வேண்டும்.

எஸ்டி அட்டையின் இடப்பக்க ஓரத்தில் ஒரு சிறு நகரும் பொத்தான் இருக்கும். அதைக் கீழே தள்ளினால் அட்டை பூட்டப்படும். பூட்டிய அட்டையைப் படிக்கலாம், நகலெடுக்கலாம். அதில் எழுதவோ அழிக்கவோ முடியாது. நகலெடுக்கும் முன் பூட்டிவிட்டால் கை தவறி அழியும் பயம் இல்லை. கேமராவில் மீண்டும் போடும் முன் பூட்டைத் திறக்க மறக்காதீர்கள்.

படிப்படியாக

1. கணினியில் ‘பள்ளிப் படங்கள்’ என்ற கோப்புறையை உருவாக்குங்கள். அதனுள் நிகழ்ச்சிக்கு ஒன்று என்று புதிய கோப்புறை வேண்டும். அதற்கு ‘2024-08-15 சுதந்திர தின விழா’ என்பதுபோல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரிடுங்கள். இப்படிப் பெயரிட்டால் கோப்புறைகள் கால வரிசையில் தாமாக அடுக்கி நிற்கும். நாளை முதலில் எழுதினால் ஆகஸ்டும் ஜனவரியும் கலந்துபோகும்.

2. அட்டையில் படங்கள் உள்ள கோப்புறையைத் திறந்து, கண்ட்ரோல் விசையுடன் ஏ விசையை அழுத்துங்கள். எல்லாப் படங்களும் தேர்வாகும். சாளரத்தின் கீழ்ப்பகுதியில் எத்தனை என்ற எண் தெரியும். அதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

3. கண்ட்ரோல் விசையுடன் சி விசையை அழுத்தி நகலெடுங்கள். ‘கட்’ வேண்டாம். ‘கட்’ செய்து ஒட்டும்போது மின்சாரம் போனால், சில படங்கள் அங்கும் சில படங்கள் இங்குமாகச் சிதறும்.

4. புதிய கோப்புறையைத் திறந்து கண்ட்ரோல் விசையுடன் வி விசையை அழுத்தி ஒட்டுங்கள். பச்சைப் பட்டை முழுவதும் நிறையும்வரை கணினியையோ அட்டையையோ தொட வேண்டாம்.

5. இப்போது கணினியில் உள்ள படங்களை எண்ணுங்கள். தாளில் எழுதிய எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். 84 என்றால் 84. 83 என்றால் வேலை முடியவில்லை என்று பொருள்.

6. முதல் படம், நடுவில் ஒன்று, கடைசிப் படம் ஆகிய மூன்றையும் திறந்து பாருங்கள். பாதி சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அந்தப் படம் முழுதாக வரவில்லை. மீண்டும் நகலெடுங்கள்.

7. அட்டையைச் சட்டென்று பிடுங்காமல், ‘எஜெக்ட்’ கட்டளையைக் கொடுத்த பிறகு எடுங்கள்.

8. இரண்டாவது நகலையும் எடுத்த பிறகே, கேமராவில் உள்ள ‘பார்மட்’ வசதியால் அட்டையைக் காலி செய்யுங்கள்.

‘ரீப்ளேஸ்’ என்று கேட்டால் நில்லுங்கள்

ஒட்டும்போது, இதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, மாற்றிவிடவா என்று கணினி கேட்கலாம். பலர் படிக்காமலே ‘ரீப்ளேஸ்’ என்பதை அழுத்திவிடுகிறோம். முன்பு சொன்ன 0001 கதை இங்குதான் வருகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் படம் வேறாக இருக்கலாம். ‘ரீப்ளேஸ்’ கொடுத்தால் பழைய படம் அழிந்து அதன் இடத்தில் புதியது உட்காரும். இந்தக் கேள்வி வந்தால் ‘கேன்சல்’ கொடுத்துவிட்டு, புதிய கோப்புறை ஒன்றில் ஒட்டுங்கள். நிகழ்ச்சிக்கு ஒரு கோப்புறை என்ற பழக்கம் இருந்தால் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழாது.

இரண்டாவது நகல்

கணினியின் ஹார்டு டிஸ்க்கும் ஒருநாள் பழுதாகும். எனவே ஒரு நகல் கணினியிலும் மற்றொன்று வெளியிலும் இருக்கட்டும். பள்ளிக்கென ஒரு வெளிப்புற ஹார்டு டிஸ்க் வாங்கித் தலைமையாசிரியர் பீரோவில் வைக்கலாம். பென்டிரைவ் எளிதில் தொலையக்கூடியது. அதையே ஒரே காப்பாக நம்ப வேண்டாம்.

"வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறோமே, அது போதாதா?" என்று கேட்கலாம். போதாது. சாதாரணமாக அனுப்பும் படத்தை வாட்ஸ்அப் சுருக்கிவிடுகிறது. திரையில் நன்றாகத் தெரியும் படம், பெரிதாக அச்சிடும்போது மங்கலாகிவிடும். எடுத்த தேதி, நேரம் போன்ற விவரங்களும் நீங்கிவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். மூலப்படம் அப்படியே போகும்.

தவறி அழிந்துவிட்டால்

உடனே பதற வேண்டாம். படத்தை அழிக்கும்போது பெரும்பாலும் பெயர்ப் பட்டியலிலிருந்துதான் அது நீங்குகிறது. அதன் மேல் வேறொன்று எழுதப்படும்வரை படத்தின் தரவு அட்டையிலேயே கிடக்கும். நூலக அட்டவணையில் பெயரை அடித்துவிட்டாலும் புத்தகம் அலமாரியில் இருப்பதைப் போல. எனவே அந்த அட்டையில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காதீர்கள். பூட்டி வெளியே எடுத்துவிடுங்கள். ‘போட்டோரெக்’ போன்ற இலவச மென்பொருள்களால் பல நேரம் மீட்டுவிடலாம். மீட்ட படங்களை அதே அட்டையில் சேமிக்காமல் கணினியில் சேமிக்க வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

இந்த வேலையை நாமே தனியாகச் செய்து முடிப்பதைவிட மாணவர்களைக் கொண்டு செய்தால் ஒரு நல்ல பாடமாகிறது. எட்டாம் வகுப்புக்கு இரண்டு பாடவேளைகள் போதும்.

முதல் பாடவேளையில் நால்வர் கொண்ட குழுக்கள் அமையுங்கள். ஒருவர் அட்டையைக் கையாள்வார், ஒருவர் கணினியை இயக்குவார், ஒருவர் எண்ணுவார், ஒருவர் பதிவேட்டில் எழுதுவார். பதிவேட்டில் தேதி, நிகழ்ச்சி, அட்டையில் எத்தனை, கணினியில் எத்தனை, இரண்டாம் நகல் உண்டா, சரிபார்த்தவர் கையொப்பம் என ஆறு கட்டங்கள். ‘கணினியில் எத்தனை’ என்பது நிரம்பாமல் யாரும் அட்டையைக் காலி செய்யக் கூடாது என்பது விதி. அந்தப் பாதிப் படங்கள் தொலைந்த பள்ளியில் இந்த ஒரு கட்டம் இருந்திருந்தால் போதும்.

இரண்டாம் பாடவேளை கணக்குக்கு. ஒரு படம் 5 மெகாபைட் என்றால் 16 ஜிகாபைட் அட்டையில் ஏறத்தாழ எத்தனை படங்கள் கொள்ளும்? 1 ஜிகாபைட்டை 1,000 மெகாபைட் என்று கொண்டால் 3,200. அடுத்து ஒரு புதிர்: அட்டையின் மேல் 16 என்று இருக்கும்போது கணினி ஏன் 14.9 என்று காட்டுகிறது? தயாரிப்பாளர் 1 ஜிகாபைட்டை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் கணினியோ 1024 × 1024 × 1024, அதாவது 1,07,37,41,824 பைட் என்று எண்ணுகிறது. 1,600 கோடியை இதனால் வகுத்தால் 14.9 வரும். அடுக்குக்குறி பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆர்வமூட்ட ஒரு செய்தியும் சொல்லலாம். 1975இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய டிஜிட்டல் கேமராவின் படத்தில் 10,000 புள்ளிகள்தாம் இருந்தன. அந்த ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 நொடிகள் ஆயின. 12 மெகாபிக்சல் கேமராவின் படம் அதைப்போல் எத்தனை மடங்கு என்று கேளுங்கள். 1,200 மடங்கு என்று மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

குழந்தைகளின் படங்கள் அல்லவா?

இவை நம் சொந்தப் படங்கள் அல்ல, பிறர் வீட்டுக் குழந்தைகளின் படங்கள். பிரிண்ட் போடுவதற்காகக் கடையில் அட்டையைக் கொடுத்தால், அவர்கள் கணினியில் நகலெடுத்த கோப்புறையை நம் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, தேவையான படங்களை மட்டும் பென்டிரைவில் கொண்டுபோவது. வீட்டுக் கணினியில் ஏற்றினால், பள்ளிக் கணினிக்கு மாற்றிய பின் வீட்டு நகலை நீக்கிவிடுங்கள். பெற்றோரின் இசைவு இல்லாமல் எந்தக் குழந்தையின் படத்தையும் பொதுவெளியில் பகிர வேண்டாம்.

இந்த வாரமே பள்ளிக் கேமராவை வெளியே எடுங்கள். முதலில் அதன் தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். தவறான தேதியோடு எடுத்த படங்களைப் பின்னால் வரிசைப்படுத்துவது கடினம். பிறகு அட்டையைத் திறந்து, எத்தனை படங்கள் இருக்கின்றன என்று ஒரு மாணவரை எண்ணச் சொல்லுங்கள். அந்த எண்ணைப் பதிவேட்டின் முதல் வரியில் எழுதிவிட்டால் வேலை தொடங்கிவிட்டது.