தண்ணீர் தங்காத தீவு

நான்கு புறமும் நீர். நடுவே குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. இப்படியும் ஓர் இடம் உண்டா? உண்டு. நம் தம்மம்பட்டியிலிருந்து தென்கிழக்கே, நேர்கோட்டில் ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தொலைவில் அது இருக்கிறது. அதன் பெயர் கச்சத்தீவு. மலைகளுக்கு இடையே வாழும் நாம் அத்தீவைப் பற்றி ஏன் படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிவில் விளங்கும்.

அமைவிடமும் நிலத்தோற்றமும்

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட ஆழம் குறைந்த பாக் கடற்பகுதியில், இராமேசுவரத்திற்கு வடகிழக்கே கச்சத்தீவு உள்ளது. பரப்பு 285 ஏக்கர். நீளம் ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். அரை மணி நேரத்திற்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துவிடலாம். மலை இல்லை, ஆறு இல்லை, ஏரி இல்லை. மணலும் முட்புதர்களும் நிறைந்த தாழ்வான நிலம். மக்கள் குடியிருப்பு கிடையாது. இலங்கைக் கடற்படையினர் காவலுக்கு இருக்கின்றனர்.

தட்பவெப்ப நிலை

நிலம் விரைவில் சூடேறி விரைவில் குளிரும். கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாகக் குளிரும். ஆகவே கடல் சூழ்ந்த இத்தீவில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு குறைவு. நம் ஊரின் சித்திரை வெயிலும் அங்கில்லை. மார்கழிக் குளிரும் அங்கில்லை.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று வீசும். மீனவர்கள் இதைக் கச்சான் காற்று என்பர். இது மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வருவதால் தீவுக்கு மழை தருவதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றே ஆண்டு மழையில் பெரும்பகுதியைத் தருகிறது. பிறகு நீண்ட வறட்சி.

ஆனால் மழை குறைவு என்பது மட்டும் காரணமன்று. அருகிலுள்ள பாம்பன் கரையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நம் சேலம் மாவட்டமும் இதைவிட மிக அதிகமாகப் பெறுவதில்லை. அப்படியானால் அந்த நீர் எங்கே போகிறது?

நன்னீர் ஏன் நிற்பதில்லை?

எண்ணெய் தண்ணீரின் மேல் மிதப்பதைச் சமையலறையில் பார்த்திருக்கிறோம். அதுபோல, நன்னீர் உப்புநீரைவிட இலேசானது. தீவின் மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலிருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும். நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்திற்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். இதை ஹாலந்து நாட்டுக் கைபனும் ஜெர்மானியரான ஹெர்ஸ்பர்கும் 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தனித்தனியே கண்டறிந்தனர்.

இந்தக் கணக்கு பெரிய தீவுக்குச் சாதகம். சிறிய தீவுக்குப் பாதகம். ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நெடுந்தீவு கச்சத்தீவுக்கு அண்மையிலேயே உள்ளது. அங்கே கிணறுகள் உண்டு; மக்களும் வாழ்கின்றனர். கச்சத்தீவோ மிகச் சிறியது. பெய்த மழை உயர்ந்து நிற்குமுன் எல்லாப் பக்கமும் கசிந்து கடலில் கலந்துவிடுகிறது. எஞ்சியதை வெயிலும் காற்றும் உறிஞ்சுகின்றன.

மக்களும் தீவும்

இத்தீவு முன்பு இராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்திருந்தது. 1974இல் இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையின் பகுதியானது. தமிழ்நாட்டு மீனவர்கள் வலை உலர்த்தி இளைப்பாறிய இடம் அது. அதனால் அவர்களின் மனக்குறை இன்றும் தீரவில்லை.

தொண்டியை அடுத்த நம்புதாளையைச் சேர்ந்த படையாச்சி ஒருவர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே புனித அந்தோணியாருக்குக் கோயில் எழுப்பினார். புதிய ஆலயம் 2016 டிசம்பரில் அர்ச்சிக்கப்பட்டது. பிப்ரவரி அல்லது மார்ச் மாதத்தில், தவக்காலத்தை ஒட்டி, இரண்டு நாள் திருவிழா நடைபெறும். இலங்கை உள்நாட்டுப் போரினால் தடைபட்ட இவ்விழா, போர் முடிந்தபின் மீண்டும் சிறப்படைந்தது. இரு நாட்டுத் தமிழரும் படகேறி வந்து ஒரே திருப்பலியில் கூடுகின்றனர். விழா வருவதோ வறட்சிக் காலத்தில். குடிக்கும் ஒவ்வொரு குடம் தண்ணீரும் கடல் கடந்தே வரவேண்டும். தண்ணீர் தீர்ந்தால் தங்க வழியில்லை. விழா முடிந்ததும் அனைவரும் கரை திரும்புகின்றனர்.

நாம் கற்கும் பாடம்

கச்சத்தீவில் மழை பெய்கிறது. அதைத் தாங்கிவைக்க நிலம் போதவில்லை. நமக்கோ ஒருபுறம் கொல்லிமலை, மறுபுறம் பச்சைமலை. இடையே சுவேத நதி. ஏரி, குளம், கிணறு. மழையைப் பிடித்துவைக்க இத்தனை பாத்திரங்கள்! ஏரியில் குப்பை கொட்டி, மலையின் மரங்களை வெட்டி, ஆழ்குழாய்க் கிணறுகளால் அடிநீரை இறைத்துக்கொண்டே போனால், நம் நிலமும் பெய்த மழையைத் தாங்காத நிலமாகிவிடும். கச்சத்தீவு அப்படி அமைந்தது இயற்கையால். நம் ஊர் அப்படி ஆகுமானால் அது நம்மால்.

ஆகவே தோழியரே, குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு நொடி அத்தீவை எண்ணுவோம். நம் வீட்டுக் கூரையில் விழும் மழைநீரைத் தெருவில் ஓடவிடாமல் கிணற்றுக்குத் திருப்பும்படி பெற்றோரைக் கேட்போம். இறைவன் தந்த தண்ணீரைக் காப்பதும் நன்றி செலுத்தும் ஒரு வழியே.