அச்சில் வார்த்த மீன்

(இயந்திரவியல், இரண்டாம் ஆண்டு)

ஃபவுண்டரி ஷாப்பில் மணல் சலிக்கும்போது, "இதையெல்லாம் படிச்சு என்னடா பண்ணப் போறோம்?" என்று நம்மில் கேட்காதவர் யார்? நானும் கேட்டவன்தான். வீட்டுக் கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் மீனை வார்க்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்ட அன்றுதான் எனக்கு விடை கிடைத்தது. அந்தக் கதையையும் செய்முறையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடிப் பக்கம். அப்பா கைத்தூண்டில் போடுகிறவர். சாளையோ கணவாயோ இரைக்குக் கிடைக்காத நாட்களில் முள்ளில் கோழி இறகையோ பளபளக்கும் நூலையோ கட்டி மீனை ஏமாற்றுவார். ஒருநாள் யாரோ கொடுத்த ரப்பர் மீன் ஒன்றைக் கொண்டுவந்து, "இத ஒன்னால செய்ய முடியாதால? மெக்கானிக்கல்தானல படிக்க?" என்றார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரப்பர் மீன் என்பது பேச்சுக்குத்தான். அது உண்மையில் பி.வி.சி. தண்ணீர்க் குழாயில் விறைப்பாக இருக்கும் அதே பொருள், தகுந்த எண்ணெய் சேர்ந்தால் மெத்தென்று ஆகிவிடும். 1926-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமன் என்ற வேதியியலர் இதைக் கண்டுபிடித்தார். உலோகத்தோடு ரப்பரை ஒட்ட ஒரு பசை தேடிப் போனவருக்குக் கிடைத்தது இந்த வளையும் பிளாஸ்டிக். அதே ஆக்ரனில் 1949-இல் நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவி காஸ்மாவும் வீட்டிலேயே அச்சு செய்து ஒரு பிளாஸ்டிக் மண்புழுவை வார்த்தார்கள். இன்று கடையில் தொங்கும் மென் இரைகளுக்கெல்லாம் அந்தப் புழுதான் பாட்டன்.

நமக்கு வேண்டிய மூலப்பொருள் பிளாஸ்டிசால். பால் போல வெள்ளையாக, கஞ்சி பதத்தில் இருக்கும். பி.வி.சி. தூள் கரையாமல் பிளாஸ்டிசைசர் எண்ணெயில் மிதந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சூடேற்றினால் முதலில் கட்டியாகித் தயிர் போலத் திரளும். இதோடு காரியம் கெட்டது என்று நினைத்துவிடக் கூடாது. கிளறிக்கொண்டே இருந்தால் சுமார் 175 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது மறுபடி இளகிக் கண்ணாடி போலத் தெளியும். சாயம், மினுமினுப்புத் தூள் எல்லாம் அப்போதுதான் சேர்க்க வேண்டும். நான் முதலில் வாங்கியது கையுறை செய்யும் ரகம். வார்த்த மீன் செருப்பு வார் மாதிரி வந்தது! பிளாஸ்டிசைசர் கூடுதலாகச் சேர்த்த பிறகே மெதுவானது.

இனி அச்சு. எம்-சீலில் விரல் நீள மீன் ஒன்று செய்து உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினேன். அதுதான் பேட்டர்ன். அதைப் பாதி உயரம் வரை களிமண்ணில் புதைத்து, வாசலின் தடவி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்ற வேண்டும். இறுகியதும் திருப்பி, களிமண்ணை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று குழி தோண்டி (இரண்டு பாதியும் இடம் மாறாமல் பொருந்த), மறுபடி வாசலின் தடவி அடுத்த பாதியை ஊற்ற வேண்டும். நம் பார்ட்டிங் லைன், டவல் பின் சமாச்சாரம்தான். தலைப்பக்கம் ஊற்றுவாய், வால்பக்கம் ஊசி கனத்தில் வென்ட். ஒரு வித்தியாசம் உண்டு. எம்-சீல் மீன் வளையாது என்பதால் அது வெளியே வர டிராஃப்ட் வேண்டும். ஆனால் வார்த்த மீன் வளைந்து நெளிந்து தானே வந்துவிடும். டிராஃப்ட் எதற்கு என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

இரண்டு நாள் வெயிலில் வைத்தேன். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. தெளிந்த பிளாஸ்டிசாலை ஊற்றியதும் 'புஸ்'ஸென்று குமிழி கிளம்பி, ஒரு சொட்டு தெறித்து இடது மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டது. அது கொதிநீர் போல வழிந்து ஓடாது, பிசின் போல அங்கேயே நின்று சுடும். பதறிப்போய்ப் பிய்த்தேன், தோலும் கூடவே வந்தது. பிய்க்காமல் முதலில் குளிர்ந்த தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்திருக்க வேண்டும். எட்டணா அளவுத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அப்பா என் கையைப் பார்த்துவிட்டு அச்சை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தார். "ஜில்லுன்னு இருக்குல்ல? உள்ள ஈரம் இருக்குல. ஈயக்குண்டு ஊத்தயில அச்ச அனல்ல காட்டிட்டுதான ஊத்துவேன், நீ பாத்ததில்லையா?" என்றார். பார்த்திருக்கிறேன். சின்ன வயசிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஈரத்தால் 'புளோ ஹோல்' எப்படி உண்டாகிறது என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். இரண்டும் ஒன்று என்று மட்டும் தோன்றவில்லை.

அதன்பிறகு மீன் நிறுக்கும் தராசில் அச்சைத் தினமும் நிறுத்தேன். எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது என்று கணக்கு. ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. பிறகு தண்ணீர் கலந்த ஃபெவிகால் இரண்டு பூச்சு, மறுபடி காயல். ஊற்றும் முன் அச்சை லேசாகச் சூடாக்கிக்கொண்டேன். இல்லாவிட்டால் வாலுக்கு முன்னால் உள்ள மெல்லிய இடுப்பிலேயே பிளாஸ்டிசால் உறைந்து, வால் இல்லாத மீன் வரும். நாம் 'மிஸ்ரன்' என்று படித்தது இதுதான். இடுப்பைத் தடிமனாக்கித் தப்பிக்கவும் முடியாது, தண்ணீரில் வால் ஆடாது. ஆடாத வாலை எந்த மீன் துரத்தும்?

புகை விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். 200 டிகிரி தாண்டினால் பி.வி.சி. பழுத்துக் கருகி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். தொண்டையில் ஏறினால் தெரியும். துணி மாஸ்க் இதைத் தடுக்காது. வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீச நின்று, தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு, சிறு தீயில் செய்யுங்கள். அம்மாவின் பாத்திரத்தைத் தொடாதீர்கள். நான் எடுத்த வாணலி மறுபடி அடுப்படிக்குள் போகவில்லை. அதற்கு வாங்கிய திட்டு தனி. எண்ணெய் எந்த ரகம் என்றும் கேட்டு வாங்க வேண்டும். பழைய டி.ஈ.எச்.பி. ரகத்தைக் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களில் 0.1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் சட்டமே போட்டது. தாலேட் இல்லாத ரகங்கள் இப்போது கிடைக்கின்றன.

பத்து மீன் தேறியதும் அப்பாவிடம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் முதலில் கேட்டது, "அறுந்து உள்ள போனா இது மக்குமா?" மக்காது என்றேன். "வலையில மீனவிட பிளாஸ்டிக்குதான் ஏறுது. அதுல நீ வேறயா?" எனக்குப் பதில் இல்லை. கிழிந்ததை உருக்கித் திரும்ப வார்க்கலாம், ஆனால் கரைக்கு வந்தால்தானே? கடைசியில் முள்ளோடு சேர்த்துக் கழுத்தில் நூல் கட்டி, எளிதில் உருவிப் போகாதபடி செய்து இரண்டை மட்டும் எடுத்துப் போனார்.

மறுநாள் ஒரு பாறைக்குட்டியோடு வந்தார். இரை இரண்டும் திரும்பியிருந்தன. ஒன்றில் வால் பிறை போலக் கடித்துத் துண்டாகியிருந்தது. பேத்தை மீனின் வேலை. அதை என் கையில் வைத்து, "இதப் போட்டு உருக்கு. இடுப்ப இன்னுங் கொஞ்சம் மெலிசா வையி" என்றார்.