அகத்தியர்கூடம் எவ்வளவு உயரம்?

நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி ஊர்வலமாக வந்து தங்குவது திருவனந்தபுரத்து ஆரியசாலை தேவி கோயிலில்தான். மலைக்காரரை ஆண்டுதோறும் வரவேற்கும் இந்தத் தெருவில் அகத்தியர்கூடத்துக்கு, அதாவது நம் பொதிகைக்கு, தனி மரியாதை இருப்பதில் வியப்பில்லை. "தென்னாட்டிலேயே உசந்த மலை அதுதான்" என்று பெரியவர்கள் சொல்வதைத்தான் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

அகத்தியர்கூடத்தின் உயரம் 1,868 மீட்டர். இடுக்கி மாவட்டத்து ஆனைமுடி 2,695 மீட்டர். தென்னிந்தியாவில் அதை மிஞ்சிய சிகரம் இல்லை. தொட்டபெட்டாதான் முதலிடம் என்று பள்ளியில் படித்ததாகச் சிலர் வாதாடுவார்கள். அந்த 2,637 மீட்டர் தமிழ்நாட்டுக்கு மட்டும்தான் முதலிடம். மூணாறுப் பக்கத்து மீசைப்புலிமலையே அதைவிட 3 மீட்டர் கூடுதல்.

கண்ணையும் குறை சொல்ல முடியாது. திருவனந்தபுரம் கடலோர ஊர். வானம் வெளுத்த நாளில் மாடியில் நின்று கிழக்கே பார்த்தால், தாழ்ந்த நிலத்துக்கு அப்பால் கூம்பாக எழும் அகத்தியர்கூடம் பிரம்மாண்டமாகத் தெரியும். ஆனைமுடியோ ஏற்கெனவே உயர்ந்த மேட்டு நிலத்தின் மேல் நிற்கிறது. அருகில் போனாலும் அதன் முழு உயரம் பிடிபடாது.

இமயத்தோடு சேர்ந்து பிறந்த மலை அகத்தியர்கூடம் என்பதும் சரியல்ல. இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கி ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. மடகாஸ்கர் நம்மைவிட்டுப் பிரிந்தது அதற்கும் வெகு முன்னால். மேற்குத் தொடர்ச்சி மலையின் கதை அந்தப் பழைய பிரிவோடு சேர்ந்தது. வயதில் இமயம்தான் இளையது.

உயரத்தில் பிந்திய இந்த மலைக்கு அறிவியலில் ஒரு பெருமை உண்டு. திருவிதாங்கூர் மன்னரின் வானாய்வகத்துக்கு 1852-இல் இயக்குநராக வந்த ஜான் ஆலன் புரூன், 1855-இல் இதன் உச்சியில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்தார். நகரத்திலும் மலையிலும் காந்த ஊசியும் வானிலைக் கருவிகளும் காட்டுவதை ஒப்பிட்டுப் பார்ப்பது நோக்கம். யானைக் காட்டைத் தாண்டி அத்தனை கருவிகளையும் மேலே சேர்த்த உழைப்பை நம் பாடப்புத்தகங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் பெரிது. நகரத்துக்குக் குடிநீர் தரும் கரமனையாறும், நெய்யாறும் இம்மலைத் தொடரில் பிறந்து மேற்கே இறங்குகின்றன. கிழக்குச் சரிவில் பிறக்கும் தாமிரபரணிதான் நெல்லையையும் தூத்துக்குடியையும் வாழவைக்கிறது.

பெண்கள் ஏறக் கூடாது என்ற தடையும் இப்போது இல்லை. அடிவாரத்துக் காணிக்காரப் பழங்குடியினரின் எதிர்ப்புக்கிடையே, 2018-இல் கேரள உயர் நீதிமன்றம் வழிவிட்டது. 2019 ஜனவரியில் பெண்கள் உச்சியை அடைந்தார்கள். போனக்காட்டிலிருந்து ஏறலாம், வனத்துறை அனுமதி கட்டாயம்.